ரோடு பைக்கும் எம்டிபியும் எதிரெதிரே வந்தால்: வணக்கம் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை அழகர்கோவில் ரோட்டில் எல்லா வகை சைக்கிளும் கண்ணில் படும். வளைந்த ஹேண்டில்பாரும் 25, 28 மில்லிமீட்டர் டயருமாக ரோடு பைக், இரண்டு அங்குலத்துக்கும் மேல் தடித்த டயரும் முன்னால் சஸ்பென்ஷனுமாக எம்டிபி என்கிற மவுண்டன் பைக், இரண்டுக்கும் நடுவில் ஹைபிரிட். ரோடு பைக்காரர் இன்னொரு ரோடு பைக்காரரைப் பார்த்தால் தலையாட்டுகிறார், எம்டிபிக்காரர் இன்னொரு எம்டிபிக்காரருக்குக் கை காட்டுகிறார், ஆனால் மாற்றி எதிரே வந்துவிட்டால் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இது மாற வேண்டும். ஒரே ரோட்டில் ஒரே லாரிக்குப் பயந்து ஓட்டுகிறவர்கள் நாம்.

டயரைப் பார்த்து ஆளை எடை போடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். நம்ம பக்கம் கியர் சைக்கிள் வாங்குகிற பலரும் முதலில் வாங்குவது எம்டிபி, ஏனென்றால் பள்ளம் மேடு தாங்கும் என்று கடையில் சொல்வார்கள், ரோடும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் தார் ரோட்டில் எம்டிபியில் வருகிறவர் பெரும்பாலும் புதிதாக ஆரம்பித்தவர். 30 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தோடு முள்ளு டயரை உருட்டிக்கொண்டு, 80க்கு மேல் காற்றடித்த உங்கள் டயரை விட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதலாக உழைக்கிறார். அவருக்கு ஒரு தலையசைப்பு கிடைத்தால் அடுத்த வாரமும் வருவார். ஆகவே தார் ரோட்டில் ரோடு பைக்காரர்தான் முந்திக்கொண்டு வணக்கம் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காட்டுப் பாதையில் அப்படியே திருப்பிப் போடுங்கள், அங்கே மெல்லிய டயரோடு தடுமாறி வருகிறவரிடம் எம்டிபிக்காரர் முதலில் பேசட்டும்.

பதில் வரவில்லை என்றால் திமிர் என்று முடிவுகட்டுவது அடுத்தது. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவு, ஏறுகிறவருக்கு மூச்சு இல்லை, இறங்குகிறவருக்கு இரண்டு கையும் பிரேக்கில். யார் கை காட்டுவது? பிரெவே என்கிற, நேரக் கெடு வைத்த நெடுந்தூர சவாரி ஓட்டுகிறவர் 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், பின்மதிய வெயிலில் அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிந்திருக்கவே மாட்டீர்கள். நீங்கள் வணக்கம் வைத்துவிட்டீர்களா, அதோடு சரி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் கை. இதில்தான் விபத்தே நடக்கும், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் கையை மேலே தூக்கினால் "நிற்கப் போகிறேன்" என்று அர்த்தம், கையைக் கீழே காட்டி அசைத்தால் பள்ளமோ ஜல்லியோ கிடக்கிறது என்று அர்த்தம். எதிரே வருகிற எம்டிபிக்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் முதல் ஆள் கையை உயர்த்தினால் அவருக்குப் பின்னால் ஒரு அடி இடைவெளியில் வருகிறவர் பிரேக் அடிப்பார், அவர் பின்னால் வருகிறவர் அவர் மேலேயே விழுவார். கையை எடுக்கவே தேவையில்லை. பிரேக் லீவரின் மேல் பகுதியில் உள்ளங்கை அப்படியே இருக்கட்டும், நாலு விரலை மட்டும் தூக்கிக் காட்டுங்கள், போதும், எதிரே வருகிறவருக்கு நன்றாகத் தெரியும். அதுவும் முடியாவிட்டால் தாடையை லேசாக மேலே தூக்குங்கள். எம்டிபியில் வருகிறவர்களும் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. ஒரு கையை எடுத்த நேரத்தில் திடீரென்று பிரேக் பிடிக்க நேர்ந்தால், மிச்சமிருக்கிற கையில் இருப்பது முன் பிரேக்காக இருந்தால் அது ஆளைத் தூக்கி வீசிவிடும். உங்கள் சைக்கிளில் முன் பிரேக் எந்தக் கையில் என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னால் ஓட்டுகிறவர்கள் ஹெட்லைட்டை மினுக்கி வணக்கம் சொல்வதும் வேண்டாம், இருட்டில் எதிரே வருகிறவருக்கு சில நொடி ரோடே தெரியாமல் போகும்.

கண்மாய்க் கரை, நாகமலை அடிவாரத்து வண்டிப்பாதை இங்கெல்லாம் முறை வேறு. தலையசைப்பு பத்தாது, வாயைத் திறந்து பேச வேண்டும். ஏறி வருகிறவருக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தில் காலை ஊன்றிவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. ஒதுங்கி நிற்கிறவருக்கு "நன்றிண்ணே, பின்னாடி இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த எண்ணிக்கைதான் அங்கே வணக்கம். ரோடு பழக்கத்திலேயே இங்கு வருகிறவர்கள் இதைச் சொல்லாமல் போய்விடுகிறார்கள், நின்றவர் பாதை காலி என்று நினைத்துக் கிளம்ப, வளைவில் இரண்டாவது ஆள் வந்து நிற்பார்.

அதே கரையில் கேரியரில் பால் கேனோ புல்லுக்கட்டோ வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் வருவார். அவர் ரோடு பைக்கும் இல்லை, எம்டிபியும் இல்லை என்று கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். நாம் ஹெல்மெட் மாட்டி வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து அந்தப் பாதையில் சைக்கிள் மிதிப்பவர் அவர். சுமையோடு வருகிறவருக்கு முதலில் வழி விட்டு, "வணக்கம்யா" என்று சொல்லுங்கள்.

முந்திப் போகும்போது சத்தமே இல்லாமல் போவது ரோடு பைக்காரர்களின் வழக்கம். முள்ளு டயர் தார் ரோட்டில் உறுமுவது தூரத்திலேயே கேட்கும், ரோடு பைக் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். நாலைந்து சைக்கிள் தூரத்திலேயே "அண்ணே, வலது பக்கம் வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள், காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினால் அவர் உங்கள் பக்கமே திரும்புவார். இதற்கு இணையான தவறு, தெரியாத ஆளின் பின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் வருவது. "கொஞ்ச தூரம் பின்னாடி வரட்டுமாண்ணே?" என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

பேச்சு என்றதும், எடுத்தவுடனே "சைக்கிள் என்ன விலை?" என்று கேட்காதீர்கள். "சீட்டை ஏத்துங்க" என்று யோசனையும் சொல்லாதீர்கள். பெண் ஒருவர் தனியாக ஓட்டி வந்தால் மற்றவருக்கு வைக்கிற அதே தலையசைப்பு, அவ்வளவுதான். "சூப்பர் மேடம்" என்பதும், யூ டர்ன் அடித்துக் கூடவே வருவதும் அவர் அந்த ரோட்டுக்கு மறுபடி வராமல் செய்துவிடும்.

கடைசியாக, ஓரத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் நின்றால் கையாட்டிவிட்டுப் போகாதீர்கள். நம்ம ஊர் சீமைக் கருவேல முள் எந்த டயரையும் விடாது. "அது எம்டிபி, என் டியூப் சேராது" என்று நினைக்கவும் வேண்டாம். 29 அங்குல எம்டிபிக்கும் 700சி ரோடு பைக்குக்கும் ரிம் அளவு ஒன்றே, 622 மில்லிமீட்டர். உங்கள் டியூப் மெல்லிசுதான், ஆனாலும் அவசரத்துக்குப் போட்டு மெதுவாக வீடு சேரலாம். மற்ற அளவாக இருந்தாலும் டயர் லீவரும் பேட்சும் எல்லாருக்கும் பொது. வேகத்தைக் குறைத்து, "எல்லாம் இருக்கா?" என்று கேளுங்கள். "இருக்கு, பாத்துக்கிறேன்" என்றால் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.