சிசேரியனுக்குப் பிறகு உதிரப்போக்கு: மருந்து எப்படிக் காக்கிறது, கூட இருப்பவர் என்ன செய்யணும்

சிசேரியன் என்றதும் எல்லாரும் தையலைத்தான் விசாரிக்கிறார்கள். முதல் சில மணி நேரத்தில் பயப்பட வேண்டியது உதிரப்போக்குக்கு. பிள்ளையை எடுத்ததும் கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கினால் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்கள் நெரிபட்டு ரத்தம் நின்றுவிடும், தளர்ந்து கிடந்தால் நிற்காது. சுருங்க வைக்கத்தான் ஆக்ஸிடோசின், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10 யூனிட். ஊசியின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் பெரும்பாலும் டிரிப்பிலும் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள், அதனால் கை வலிக்கிறது என்று நீங்களாக டிரிப்பை மூடாதீர்கள்.

இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வெளியே வாங்கிவரச் சொன்னால், ராமநாதபுரம் வெயிலில் சட்டைப் பையில் போட்டு வராமல் ஐஸ் பேக்கோடு கேட்டு வாங்கி நேரே சிஸ்டர் கையில் கொடுங்கள். இதே வேலைக்கு வெப்பம் தாங்கும் கார்பெடோசினும் உண்டு, 100 மைக்ரோகிராம், ஒரே ஊசி. கிடைக்குமா என்று முன்னாடியே கேட்டுவையுங்கள்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். கர்ப்பப்பையைச் சுருக்கும் வேறு மருந்துகளில், பிரஷர் இருந்தால் மெத்தில்எர்கோமெட்ரின் ஆகாது, வீசிங் இருந்தால் கார்போப்ராஸ்ட் ஆகாது. முந்தின பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, நஞ்சு கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்களா, அதையும் சொல்லுங்கள். இதையெல்லாம் மீறி ரத்தம் போனால், ரத்தத்தை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். நேரம் இவ்வளவு முக்கியம் என்பதால்தான் கூட இருப்பவரின் கண் முக்கியம் என்கிறேன்.

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டதால் பிள்ளை பெற்றவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, ரத்தம் முதுகுப் பக்கம் வழிந்து விரிப்பில் தேங்கும், மேலே பார்த்தால் பேட் சுத்தமாகத் தெரியலாம். ஆகவே போர்வையை விலக்கி, அடியில் கைவிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டியாக விழுந்தாலோ, படபடப்பு, குளிர் வியர்வை, மயக்கம் என்றாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். "கெட்ட ரத்தம், போகட்டும்" என்று பெரியவங்க சொன்னாலும் கேட்காதீங்க.

முன்கூட்டியே ஒரு வேலை இருக்கிறது. ஹீமோகுளோபினைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் கொடுங்கள், டீயோடு வேண்டாம். ரத்தம் கொடுக்க ஆள் பார்த்து வையுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தால் அவரை நம்பி இருக்க முடியாது, கரையில் இருக்கிற ரெண்டு பேரிடம் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் வரை திடீரென்று ரத்தம் கூடினால் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.