பஜ்ஜி எண்ணெய் குடிப்பது ஏன்? அடுப்படியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழைக்காய் பஜ்ஜியைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதுதான் முதல் தவறு. அதில் காய் என்பது ஒரு மெல்லிய சீவல். சத்தைத் தீர்மானிப்பவை மாவும் எண்ணெயும்தான். 100 கிராம் கடலை மாவில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. ஆனால் ஒரு பஜ்ஜிக்குப் போவது சுமார் 10 கிராம் மாவு, அதாவது 2 கிராம் புரதம். புரதத்துக்காக ஏழெட்டு பஜ்ஜி சாப்பிடுவதைவிட ஒரு கிண்ணம் சுண்டல் எவ்வளவோ மேல்.

குடித்த எண்ணெயை வீட்டிலேயே அளக்கலாம். 500 மில்லி ஊற்றிப் பொரித்து, ஆறியதும் வடிகட்டி அளந்தால் 420 மில்லி இருக்கிறது என்று வையுங்கள். குறைந்த 80 மில்லி, எடையில் சுமார் 73 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் ஏறக்குறைய 660 கலோரி. 16 பஜ்ஜி போட்டிருந்தால், எண்ணெயால் மட்டும் ஒன்றுக்கு 40 கலோரி.

சட்டியில் இருக்கும்போது மாவின் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளுவதால் எண்ணெய் அதிகம் உள்ளே போகாது. எடுத்த பிறகுதான் சிக்கல். ஆவி குளிர்ந்ததும் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் அரிகரண்டியில் எடுத்த சூட்டோடு சட்டிக்கு மேலேயே நன்றாக உதறி வடியவிட வேண்டும். பிறகு கம்பி வலையில் பரப்ப வேண்டும், குவிக்கக் கூடாது. செய்தித்தாளில் வைத்து ஒற்றவே கூடாது, அச்சு மை ஒட்டும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். துளி மாவு விட்டால் உடனே மேலே வர வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் காயவில்லை, விட்டதுமே கருகினால் அதிகம் காய்ந்துவிட்டது. ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் சூடு இறங்கி, மேல்தோல் இறுகத் தாமதமாகும். பஜ்ஜி சொதசொதவென்று ஆகிவிடும்.

சோடா உப்பு கூடினால் மாவு துளைதுளையாகி எண்ணெய் இழுக்கும், சோடியமும் ஏறும், தயமின் என்னும் பி1 வைட்டமினும் அழியும். ஒரு கப் கடலை மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் சோடா இல்லாமலே மொறுமொறுப்பு வரும்.

மிஞ்சிய எண்ணெயில் புது எண்ணெயைச் சேர்த்துச் சேர்த்துப் பொரிப்பது மோசமான பழக்கம். கருத்து, நுரைத்து, சீக்கிரமே புகைகிற எண்ணெயை மீண்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பஜ்ஜியோடு டீ குடித்தால், கடலை மாவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதை டீ குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுவது நல்லது.