பெயர்தான் பார்க், உள்ளே காடு: கவுன்ட்டி டிரெயில்களில் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் வளர்ந்தவர்களுக்குப் பார்க் என்றால் ஊஞ்சல், சறுக்குமரம், சிமென்ட் பெஞ்ச், ஓரத்தில் சுண்டல்காரர். நாலு சுற்றுச் சுற்றினால் நடைப்பயிற்சி முடிந்தது. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வந்து குடியேறிய பிறகு, முதல் தடவை ஒரு கவுன்ட்டி பார்க்குக்கு நாங்களும் அதே நினைப்பில்தான் போனோம் (கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). காலில் ரப்பர் செருப்பு, நாலு பேருக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பெரிய டப்பா புளிசாதம். இரண்டு மைல் ஏறுவதற்குள் தண்ணீர் தீர்ந்தது. புளிசாதம் அப்படியே இருந்தது. தண்ணீர் இல்லாமல் அதை யார் விழுங்குவது?

சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுன்ட்டியின் முதல் பார்க், 1924-இல் குப்பர்டினோ அருகே வாங்கிய 400 ஏக்கரில் தொடங்கிய ஸ்டீவன்ஸ் கிரீக். இன்று கவுன்ட்டியின் எல்லாப் பார்க்குகளும் சேர்ந்து 50,000 ஏக்கருக்கு மேல். எல்லாவற்றிலும் பெரியது ஜோசஃப் டி. கிரான்ட் பார்க், ஹாமில்டன் மலை மேலே லிக் வானாய்வகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. இவற்றில் பல, தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றி வளர்த்த இடங்கள் இல்லை. மலை, ஓக் மரச் சரிவு, கோடையில் வற்றும் ஓடை. அதற்குள் டிரெயில் எனப்படும் நடைபாதை போட்டு, வாசலில் வண்டி நிறுத்த இடம் விட்டு, பலகை நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, ‘பார்க்’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பியதால் வருபவை.

மைலை மட்டும் பார்ப்பது

“ஆறு மைல்தானே, ரெண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.” இதைச் சொல்லாத தமிழ் வாட்ஸ்அப் குழு சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்காது. முதலில், மைல் என்பது 1.6 கிலோமீட்டர், ஆறு மைல் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். அதைவிட முக்கியம், அந்தப் பாதை எவ்வளவு ஏறுகிறது என்பது. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். ஃப்ரீமான்ட்டில் நம் ஆட்கள் படையெடுக்கும் மிஷன் பீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கமிருந்து போய்வர சுமார் ஆறு மைல், ஏற்றம் 2,000 அடிக்கு மேல். அப்படியென்றால் நிற்காமல் நடந்தாலே மூன்று மணி நேரம். நாம் நிற்போம். படம் எடுப்போம், குழந்தை கல் பொறுக்கும், ஒருவருக்கு ஷூ கடிக்கும். நாலரை மணி என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

இந்தக் கணக்கு எங்கே உதைக்கும் என்றால், நவம்பரில். பல கவுன்ட்டி பார்க்குகள் காலை 8 மணிக்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடும். ஜூனில் இங்கே எட்டரை மணிவரை வெளிச்சம் இருக்கும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும், போன வாரம் ஆறு மணிக்கு இருட்டிய இடம் இந்த வாரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். டிசம்பரில் ஐந்துக்கும் முன்னால். மதியம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, மூன்று மணிக்கு டிரெயிலில் கால் வைத்தால் திரும்பி வருவது செல்போன் வெளிச்சத்தில்தான். இறங்கி வந்து பார்த்தால் வாசல் கேட் பூட்டியிருக்கும், வண்டி உள்ளே நிற்கும்.

தண்ணீரும் செருப்பும்

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜூலையிலும் ஸ்வெட்டர் போடுகிறார்களே என்று நினைத்துக் கிளம்பக் கூடாது. கடல்காற்று எட்டாத உள்பக்க மலைகளில் கோடை மதியம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது சாதாரணம். கிரான்ட் பார்க்கிலும் ஆல்மடன் குவிக்சில்வர் பார்க்கிலும் நிழலே இல்லாத நீண்ட சரிவுகள் உண்டு. ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது குளிர்ந்த நாளுக்கு; வெயில் நாளில் ஒரு லிட்டர். கையில் இருக்கும் தண்ணீரில் பாதி தீர்ந்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். அதைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே மாடு மேய்கிறது.

வழுக்குவது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. கோடையில் களிமண் காய்ந்து சிமென்ட் மாதிரி ஆகி, அதன் மேல் பொடிக்கல் உருண்டு கிடக்கும். தேய்ந்த ரன்னிங் ஷூவில் அந்தச் சரிவில் இறங்குவது கடலை கொட்டிய தரையில் நடப்பது போல. விலை உயர்ந்த பூட்ஸ் எல்லாம் வேண்டியதில்லை, அடியில் ஆழமான பிடிப்பு இருக்கிற ஷூ போதும். மழைக்காலத்தில் அதே களிமண் ஷூவுக்கு இரண்டு கிலோ சேர்த்துவிடும். மழைக்கு அடுத்த நாள் ஈரம் காயும்வரை பல டிரெயில்களில் சைக்கிளையும் குதிரையையும் விடமாட்டார்கள். கேட்டில் தொங்கும் அந்த அறிவிப்பைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். ஈரமண்ணில் பதிந்த தடம் வெயிலில் இறுகி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

இந்த இடத்தில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் வருவது பெரும்பாலும் கோடையில். நாமும் ஆசையாக, இருப்பதிலேயே நல்ல காட்சி தெரியும் மலைக்குக் கூட்டிப் போவோம். அவர்கள் “முடியலப்பா” என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பிள்ளை லீவு போட்டுக் கூட்டி வந்திருக்கிறானே என்று மூட்டு வலியை மென்று விழுங்கிக்கொண்டு நடப்பார்கள். தார்ப்பாதையே இருக்கிற கவுன்ட்டி பார்க்குகளும் இருக்கின்றன: லாஸ் கேட்டோஸ் பக்கம் வசோனா ஏரி, சான் ஹோசேயிலிருந்து தெற்கே நீளும் கயோட்டி கிரீக் பாதை. ரேஞ்சோ சான் அன்டோனியோவில் பார்க்கிங்கிலிருந்து சமதளத்தில் சுமார் ஒரு மைல் நடந்தால் டியர் ஹாலோ பண்ணை வரும். ஆடு, கோழி, பன்றி எல்லாம் பார்க்கலாம். என் மாமியார் மலை உச்சிகள் எதையும் நினைவு வைத்திருக்கவில்லை, அந்த ஆட்டுக்குட்டியை இன்றும் விசாரிக்கிறார். ஒன்று மட்டும், வாரக் கடைசியில் ஒன்பது மணிக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

எல்லாப் பார்க்கும் ஒரே முதலாளி என்று நினைப்பது

அதே ரேஞ்சோ சான் அன்டோனியோவையே பாருங்கள். வாசல் பக்கம் கவுன்ட்டியுடையது, அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய மலைப்பகுதி திறந்தவெளி நிலங்களைப் பாதுகாக்கும் வேறொரு தனி அமைப்புடையது. மிஷன் பீக் கவுன்ட்டி பார்க்கே இல்லை. 1934-இல் தொடங்கிய ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா அமைப்பின் கையில் இருக்கிறது. ஹென்றி கோ பார்க் மாநில அரசுடையது. கவுன்ட்டிக்கு வாங்கிய வருடச் சீட்டு மாநிலப் பார்க்கில் செல்லாது. ஒரு இடத்தில் நாயைக் கூட்டிப் போகலாம், வேலிக்கு அந்தப் பக்கம் கூடாது. உவாஸ் கேன்யன் என்ற கவுன்ட்டி பார்க்கில் அருவிகளைப் பார்க்க வண்டிக்கு முன்பதிவு கேட்பார்கள். மலை வளைவெல்லாம் தாண்டிப் போய் வாசலில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் அந்தந்தப் பார்க்கின் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். அங்கேயே அதன் வரைபடத்தை போனில் இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் மேடு தாண்டியதும் சிக்னல் போய்விடும். டிரெயில்கள் பிரியும் இடத்துப் பலகையை ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வைப்பது என் பழக்கம். அவசரத்தில் 911-ஐ அழைக்க நேர்ந்தால் “ஒரு பெரிய மரத்துப் பக்கத்தில் நிற்கிறோம்” என்பதைவிட அது உதவும்.

அப்புறம், பையை வண்டி சீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். டிக்கியில் வைப்பதானால் வீட்டிலேயே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பார்க்கிங்கில் வந்து, எல்லாரும் பார்க்க லேப்டாப் பையை டிக்கிக்குள் திணிப்பது, எங்கே இருக்கிறது என்று திருடனுக்கு நாமே சொல்லிக்கொடுப்பது.

மாடு, பாம்பு, உண்ணி

மாட்டை நாம் சாதுவான பிராணி என்று நினைத்து வளர்ந்தவர்கள். தெருவில் நிற்கும் மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டுப் போகும் பழக்கம் நமக்கு உண்டு. கவுன்ட்டி பார்க்குகளில் புல் உயர வளர்ந்து தீக்குத் தீனியாகாமல் இருக்க மாடுகளை மேயவிடுகிறார்கள். இவை மனிதர் கைபட்டு வளர்ந்த பசுக்கள் இல்லை. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போய் நின்று செல்ஃபி எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சத்தமாகப் பேசிக்கொண்டு, அவசரப்படாமல், சுற்றிப் போங்கள். கேட் மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள்.

இந்தப் பகுதியில் இயற்கையாக இருக்கும் ஆபத்தான விஷப்பாம்பு ஒன்றுதான், வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்கும் விரியன். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை பாதையிலேயே வெயில் காயும். கடிப்பதற்கு முன் வாலை ஆட்டி எச்சரிக்கும் என்று நம்பிக்கொண்டு கல்லிடுக்கில் கை விடக் கூடாது, ஆட்டாமலும் கடிக்கும். கடித்துவிட்டால், சினிமாவில் பார்த்தபடி இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை உட்காரவைத்து, மோதிரம், வாட்ச் கழற்றி, 911-ஐ அழையுங்கள்.

உண்ணி பாம்பைவிடச் சாதாரணம், அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. பாதையோரப் புல் நுனியில் காத்திருந்து உடையில் ஒட்டும். சில உண்ணிகள் லைம் என்ற பாக்டீரியா நோயைக் கொண்டுவரும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால், குழந்தைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் தவறு. மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

ஆல்மடன் குவிக்சில்வருக்கு மட்டும் உரிய ஒரு எச்சரிக்கை. ஸ்பெயினின் ஆல்மடன் சுரங்க ஊரின் பெயரைச் சூடிய இந்த மலை, ஒரு காலத்தில் பாதரசச் சுரங்கம். ஓலோனி பழங்குடி மக்கள் சிவப்பு நிறத்துக்காக எடுத்த கல், நம் சித்த மருத்துவத்தில் வரும் அதே சாதிலிங்கம். 1845-இல் அதில் பாதரசம் இருப்பது அடையாளம் காணப்பட்டு, கலிஃபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தில் தங்கத்தைப் பிரிக்கப் பெரும்பாலும் இங்கிருந்துதான் பாதரசம் போனது. சுரங்கம் மூடிவிட்டது, பாதரசம் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. அருகிலிருக்கும் ஆல்மடன், குவாடலூப் நீர்த்தேக்கங்களில் பிடிக்கும் மீனைத் தின்னாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மீன் குழம்பு ஆசையை மார்க்கெட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கொலுவுக்குப் பறித்த இலை

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைப் பிடிப்பது ஒரு செடி. பாய்சன் ஓக். ஓக் மர இலை போலத் தெரியும், ஓக் இல்லை. உண்மையில் இது மாமரமும் முந்திரியும் சேராங்கொட்டையும் சேர்ந்த குடும்பம். மாங்காய்ப் பால் உதட்டில் பட்டுப் புண்ணானவர்களுக்கும், சேராங்கொட்டை மை தோலில் பட்டவர்களுக்கும் இதன் குணம் கொஞ்சம் தெரிந்திருக்கும். இதன் எண்ணெய் பட்டால் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் தந்திரம். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் வரும், வந்தால் வாரக்கணக்கில் நிற்கும்.

மூன்று மூன்று இலையாக இருக்கும், நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். காட்டு பிளாக்பெர்ரியும் அப்படித்தான், ஆனால் அதில் முள் உண்டு. வசந்தத்தில் பளபளப்பான பச்சை, கோடை முடிவில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சி. அந்தக் குச்சியிலும் எண்ணெய் இருக்கும். ஊன்றி நடக்கக் கம்பு வேண்டும் என்று அதை ஒடித்துக் கையில் பிடிப்பவர்கள் உண்டு.

நான் செய்தது அதைவிட மேல். நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால், ஓடையோரம் செக்கச்செவேல் என்று ஒரு புதர். கொலுப்படி ஓரத்தில் வைத்தால் என்ன அழகாக இருக்கும்! பார்க்கில் எதையும் பறிக்கக் கூடாது என்ற விதி தெரிந்தும், நாலு கொத்துதானே என்று பறித்து, துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தேன். மூன்றாம் நாள் கை, கழுத்து, கண் இமை எல்லாம் வீங்கி, நவராத்திரியிலும் அது வடியாமல், சுண்டல் வாங்க வந்தவர்களைக் கதவுக்குப் பின்னால் நின்று வரவேற்றேன்.

எண்ணெய் பட்டது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கொப்புள நீரால் அது இன்னொருவருக்குப் பரவாது, எண்ணெயால்தான் பரவும். அதனால் உடை, ஷூ லேஸ், நாயின் முடி, போன் உறை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். காய்ந்த செடியை எரிக்கவே கூடாது, புகை நுரையீரலுக்குள் போகும். இத்தனையும் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தத் துப்பட்டாவை நான் தனியாகத் துவைக்காமல் மற்ற துணிகளோடு போட்டுவிட்டதால் அடுத்த வாரம் என் கணவரும் சொறிந்துகொண்டிருந்தார். கொலுவுக்கு அந்த வருடம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலைதான்.