எல்டிஎஃப் ஃபைல் வீங்கினால் ஷ்ரிங்க் செய்வது கடைசி வேலை

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் 9002 என்ற பிழை வந்தால் டிரான்ஸாக்‌ஷன் லாக் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் எல்டிஎஃப் ஃபைல்) நிரம்பிவிட்டது என்று பொருள். தரவைப் படிக்கலாம், எழுத முடியாது. உடனே ஃபைலைச் சுருக்கும் ஷ்ரிங்க் கட்டளையைத் தேடாதீர்கள். லாக்கில் பழைய இடம் ஏன் காலியாகவில்லை என்பதைச் சர்வரே சொல்லும். சிஸ்.டேட்டாபேசஸ் வியூவில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ற நெடுவரிசையைப் பாருங்கள்.

பெரும்பாலும் அங்கே 'லாக்_பேக்கப்' என்றுதான் இருக்கும். டேட்டாபேஸ் ஃபுல் ரெக்கவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை லாக்கைக் காலி செய்யாத அமைப்பு) இருக்கிறது, லாக் பேக்கப் ஓடவில்லை. "தினமும் ராத்திரி ஃபுல் பேக்கப் எடுக்கிறோமே" என்பார்கள். ஃபுல் பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக்கில் இடம் விடுபடாது. லாக் பேக்கப் எடுத்தால்தான் விடுபடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட ஜாப் போடுங்கள். எவ்வளவு நேரத் தரவை இழக்கத் தாங்கும் என்பதைப் பொறுத்து இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். டெஸ்ட் டேட்டாபேஸ் என்றால் லாக் பேக்கப் தேவைப்படாத சிம்பிள் மாடலே போதும். புரொடக்‌ஷனில் அவசரத்துக்கு சிம்பிளுக்கு மாற்றினால் லாக் செயின் (லாக் பேக்கப்களின் தொடர்ச்சி) அறுந்துபோகும். ஃபுல்லுக்குத் திரும்பியதும் ஒரு ஃபுல் அல்லது டிஃபரன்ஷியல் பேக்கப் எடுத்தாக வேண்டும்.

'ஆக்டிவ்_டிரான்ஸாக்‌ஷன்' என்று வந்தால் டிபிசிசி ஓபன்டிரான் கட்டளையை ஓட்டுங்கள். இன்னும் முடியாமல் கிடக்கும் மிகப் பழைய டிரான்ஸாக்‌ஷனின் எஸ்பிஐடியும் (இணைப்பின் எண்) அது தொடங்கிய நேரமும் தெரியும். யாரோ பிகின் டிரான் போட்டுவிட்டு, கமிட் செய்யாமல் சாப்பிடப் போயிருப்பார். கில் செய்யுமுன் யோசியுங்கள்: 3 மணி நேரம் ஓடிய டெலீட்டை நிறுத்தினால் ரோல்பேக் (செய்ததைப் பழையபடி மாற்றுவது) அதைவிட அதிக நேரம் பிடிக்கலாம். லட்சக்கணக்கான வரிகளை அழிப்பதானால் தலா 4000 வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் போடுங்கள். ஒரே ஸ்டேட்மென்டில் பூட்டுகள் 5000ஐத் தொட்டால் சர்வர் டேபிள் முழுவதையும் பூட்டப் பார்க்கும்.

டிஸ்க்கில் இடமே இல்லையா? வேறு டிரைவில் தற்காலிகமாக இரண்டாவது லாக் ஃபைல் சேர்க்கலாம். எல்டிஎஃப் ஃபைலை மட்டும் டெலீட் செய்துவிடாதீர்கள்.

காரணம் தீர்ந்த பிறகு ஷ்ரிங்க். லாக் பேக்கப் எடுத்து, டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைலில் லாஜிக்கல் பெயரையும் எம்பியில் அளவையும் கொடுங்கள். அளவு குறையவில்லை என்றால், பயன்பாட்டில் உள்ள விஎல்எஃப் (லாக் ஃபைலின் உட்பிரிவு) துண்டு ஃபைலின் வால்பக்கம் இருக்கிறது. இன்னொரு லாக் பேக்கப் எடுத்து மறுபடி ஓட்டுங்கள். 1 எம்பிக்குச் சுருக்குவது வீண்வேலை. வாராந்தர இண்டெக்ஸ் ரீபில்டுக்கு 20 ஜிபி வேண்டுமென்றால் 24 ஜிபி விட்டுவையுங்கள்.

கடைசியாக ஆட்டோகுரோத், அதாவது லாக் நிரம்பும்போது ஃபைல் தானாக வளரும் அளவு. 2016க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பு அமைப்பு 10 சதவீதம். அங்கிருந்து ரீஸ்டோர் செய்த டேட்டாபேஸிலும் அது அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். 100 ஜிபி லாக்கில் ஒரு தடவைக்கு 10 ஜிபி. அத்தனையையும் பூஜ்ஜியத்தால் நிரப்பி முடிக்கும்வரை எழுதும் வேலைகள் காத்துக் கிடக்கும். 512 எம்பி என்று நிலையாக வையுங்கள். 1 எம்பி மாதிரி மிகச் சிறிதாக வைத்தால் விஎல்எஃப் ஆயிரக்கணக்கில் பெருகி, சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது ரெக்கவரி இழுத்தடிக்கும். டிபிசிசி லாக்இன்ஃபோ கட்டளை எத்தனை வரி தருகிறதோ அத்தனை விஎல்எஃப்.