ஆட்டோகேடில் மவுஸை விட்டுக் கீபோர்டுக்கு வாங்க

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் டிராஃப்டிங் வேலைக்கு, அதாவது ஆட்டோகேட் என்ற மென்பொருளில் வரைபடம் போடும் வேலைக்குப் போக நினைக்கிற பசங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மேலே இருக்கும் ரிப்பன் பட்டையில் ஐகான் தேடுவதை இன்றே விடுங்கள். வலது கை மவுஸில், இடது கை கீபோர்டில், கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில். ஸ்பேஸ் பார்தான் இங்கே என்டர். கட்டளை முடிந்தபின் சும்மா ஒரு தட்டு தட்டினால் அதே கட்டளை மறுபடி வரும், இது ஒன்றே பாதி வேலையைக் குறைக்கும்.

காட்பாடியில் ஒரு வீட்டு பிளான் போடுகிறீர்கள், ஒன்பது அங்குலச் சுவர் என்று வையுங்கள். எல் (லைன்) அடித்து ஒரு கோடு, எஃப்8 (ஆர்த்தோ) போட்டிருந்தால் கோணாமல் வரும். அப்புறம் ஓ (ஆஃப்செட், பக்கத்தில் இணைகோடு போடும் கட்டளை), ஸ்பேஸ், 230 (ஒன்பது அங்குலம், சுமாராக மில்லிமீட்டரில்), ஸ்பேஸ், கோட்டைத் தொட்டு எந்தப் பக்கமோ அங்கே கிளிக். சுவர் ரெடி. மூலையில் நீட்டிக்கொண்டிருப்பதை டிஆர் (டிரிம்) அடித்து வெட்டுங்கள். 2021 பதிப்புக்கு முந்தையது என்றால் டிஆருக்குப் பிறகு இன்னொரு ஸ்பேஸ் தட்டணும், அப்போதுதான் எல்லாக் கோடுகளையும் வெட்டும் விளிம்பாக எடுத்துக்கொள்ளும்.

படம் எங்கேயோ ஓடிவிட்டதா? இசட், ஸ்பேஸ், இ, ஸ்பேஸ்: முழுப் படமும் திரைக்குள் வந்துவிடும்.

காப்பிக்கு உள்ள சிஓ இடது கைக்கு எட்டாது. மேனேஜ் டேபில் எடிட் அலையஸ் (கட்டளைச் சுருக்கங்களின் பட்டியல், அதுதான் பிஜிபி ஃபைல்) திறந்து, கடைசியில் புது வரி சேருங்கள்: உங்கள் சுருக்கம், கமா, நட்சத்திரக்குறி, ஒட்டியே முழுக் கட்டளைப் பெயர். சேவ் செய்துவிட்டு, ரீஇனிட் கட்டளை கொடுத்து பிஜிபி ஃபைலை டிக் செய்தால் உடனே வேலை செய்யும்.