பெனால்டியா, இல்லையா? சண்டைக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஃபுட்பால் பார்க்கிற கூட்டம் இப்போது நன்றாகவே பெருகியிருக்கிறது. சிப்காட்டில் வேலை பார்க்கும் கேரளத்துப் பையன்கள், அவர்களோடு சேர்ந்து பார்க்கப் பழகிய நம்ம ஊர்ப் பையன்கள், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம் வரை போய் மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரியே பஸ் பிடிக்கிறவர்கள். மாவட்டத்துக்குள் நடக்கும் டோர்னமென்ட்களில் நான் விசில் பிடிக்கிறவன். அதனால் பெரிய மேட்ச் எது முடிந்தாலும், "அண்ணா, நீங்களே சொல்லுங்க, அது பெனால்டியா?" என்று போன் வந்துவிடும். இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் போடுவது, நாங்கள் அந்த வயதில் போட்ட அதே சண்டை.

ரெஃப்ரியைக் கெட்ட வார்த்தையில் திட்டாதீர்கள், காசு வாங்கிவிட்டார் என்று கிளப்பிவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நிறுத்திய படத்தைக் காட்டி வாதாடுவது

இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பொங்கல் டோர்னமென்ட், செமி ஃபைனல். நான் உதவி ரெஃப்ரியாக லைனில் நின்றேன். நடுவில் விசில் பிடித்தது ஒரு கல்லூரிப் பையன், விதிகளைக் கரைத்துக் குடித்தவன். இடது பக்கமிருந்து வேகமாக ஒரு கிராஸ் வந்தது. டிஃபென்டர் காலை நீட்டிச் சறுக்கினார். பந்து அவர் முழங்காலில் பட்டுத் திரும்பி, தரையில் ஊன்றப் போன கையில் மோதி வெளியே போனது. பையன் இரண்டு கைகளையும் முன்னால் வீசி ஆட்டம் தொடரட்டும் என்று காட்டினான். சரியான முடிவு. விழுகிற ஆள் கை ஊன்றத்தான் செய்வார், பந்தோ அவர் உடம்பிலேயே பட்டுத் திரும்பியது.

இடைவேளையில் ஒரு கூட்டம் செல்போனோடு உள்ளே வந்தது. ஒருவர் எடுத்த வீடியோவை, பந்தும் உள்ளங்கையும் ஒட்டியிருக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, படமே புள்ளி புள்ளியாக உடைந்துபோகும் அளவுக்குக் கொண்டுவந்து பையனின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். "இது கை இல்லாம என்னப்பா?" அந்தப் படத்தில் கை விரிந்திருந்தது உண்மை. பந்து முழங்காலில் பட்டது அதற்கு முந்தைய கணம், அது படத்தில் இல்லை. கிராஸ் வந்த வேகமும் படத்தில் இல்லை. வீடியோவை முதலிலிருந்து ஓட்டுங்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டாம் பாதியில் பையனுக்குக் கை நடுங்கிவிட்டது. தோளில் பட்ட பந்துக்குப் பெனால்டி ஊதிவிட்டான். இப்போது மறுபக்கத்துக் கூட்டம் இறங்கியது. மேட்ச் எப்படியோ முடிந்தது. அதற்கப்புறம் அவன் விசிலைத் தொடவே இல்லை. எங்கள் பக்கம் விசில் பிடிக்க ஆள் கிடைப்பதே கஷ்டம். ஆள் இல்லாமல், அடுத்த டோர்னமென்டில் ஆடுகிற டீமின் கோச்சையே நடுவில் நிறுத்தினார்கள். சண்டை இரண்டு மடங்கானது. செல்போனை நீட்டியவர்கள் அன்றோடு அதை மறந்திருப்பார்கள்.

ஆகவே ஹேண்ட் பால் பற்றி வாதாட உட்காரும்போது முதலில் வீடியோவை நிஜ வேகத்தில் முழுசாக ஓட்டுங்கள். பந்து கையைத் தேடி வந்ததா, கை பந்தைத் தேடிப் போனதா? அந்த அசைவில் கை இயல்பாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததா, இல்லை உடம்பை அகலமாக்கிக் காட்டும்படி வெளியே நின்றதா? விதி கேட்பது இதைத்தான். கையில் பட்டதெல்லாம் குற்றம் என்று, ஃபவுல்களைப் பற்றிய 12-ஆம் விதி எங்கேயும் சொல்லவில்லை. தற்செயலாகப் பட்டாலும் ஊதியே ஆக வேண்டிய இடம், கையில் பட்ட பந்து நேராகக் கோலானாலோ, கையில் பட்டவுடன் அந்த ஆட்டக்காரரே கோல் போட்டாலோதான்.

வீடியோ உதவி ரெஃப்ரிகளுக்கான வழிமுறையே இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்த இடத்தில் பட்டது, பந்து கோட்டைத் தாண்டியதா போன்ற விவரங்களுக்கு ஸ்லோமோஷன். அது ஹேண்ட் பால் குற்றமா, ஃபவுல் எவ்வளவு கடுமையானது என்று தீர்மானிக்க நிஜ வேகம். மெதுவாக ஓட்டினால் எதுவுமே வேண்டுமென்றே செய்தது போலத்தான் தெரியும். உலகத் தரத்து ரெஃப்ரிகளுக்கே இந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, மைதான ஓரத்தில் செல்போனில் நிறுத்திய ஒரு படத்தை வைத்து ஒரு பையனை விரட்டியது எந்த ஊர் நியாயம்?

ஸ்லோமோஷன் தேவைப்படும் ஒரு இடம் உண்டு. தோளா, கையா என்கிற கேள்வி. அக்குளின் அடிப்பகுதிக்கு நேராக ஒரு கோடு போட்டால், அதற்குக் கீழேதான் கை. மேலே பட்டால் ஹேண்ட் பால் கிடையாது.

பழைய மேட்சுக்குப் புது விதி

2018 உலகக் கோப்பை ஃபைனலில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்டதற்கு, ரெஃப்ரி பிட்டானா மானிட்டரில் போய்ப் பார்த்துவிட்டு பிரான்ஸுக்குப் பெனால்டி கொடுத்தார். கிரீஸ்மான் அடித்தார். இன்றைக்கும் அதை வைத்துச் சண்டை நடக்கிறது, ஆனால் இன்றைய விதியை வைத்து. அன்று விதி கேட்டது வேண்டுமென்றே தொட்டாரா என்பதை. உடம்பை அகலமாக்குவது பற்றிய வரிகள் 2019-இல் வந்தவை.

அட்லெடிகோ மாட்ரிட்டின் ஹூலியன் ஆல்வரஸ் விவகாரமும் அப்படித்தான். 2025 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஷூட் அவுட்டில் வழுக்கி, பந்தை இரண்டு காலாலும் தொட்டார் என்று அவர் அடித்த கோல் செல்லாமல் போனது. தெரியாமல் இருமுறை பட்டுக் கோலானால் மறுபடி அடிக்கலாம் என்ற விளக்கம் வந்தது அந்த ஜூனில். தேதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"பந்தைத்தான் தொட்டான்"

தொட்டிருக்கலாம். அப்புறம் காலை உடைக்கிற மாதிரி போனால் அது ஃபவுல்தான். கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும், எதிராளிக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லாமல் போனால் மஞ்சள், அளவு மீறிய பலம் என்றால் ரெட். பந்தை முதலில் தொட்டது இதில் எதையும் அழிக்காது.

"கோட்டு மேலதானே நடந்துச்சு"

கோடும் பெனால்டி பாக்ஸில் சேர்த்திதான்.

டீமை வெளியே கூப்பிடுவது

2023 மார்ச் 3, கண்டீரவா. ஐ.எஸ்.எல். நாக் அவுட் மேட்ச், எக்ஸ்ட்ரா டைம். பெங்களூருவின் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலானது. கேரளா பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே போனது. மேட்ச் பெங்களூரு கணக்கில் சேர்ந்தது, டீமுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச் வுகோமனோவிச்சுக்குப் பத்து மேட்ச் தடை. ரெஃப்ரி விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லாதவரை ஃப்ரீ கிக்கை உடனே அடிக்கலாம். சொன்னாரா, இல்லையா என்ற ஒரே கேள்வியைத்தான் பிளாஸ்டர்ஸ் பிடித்திருக்க வேண்டும். ஓசூரில் அந்த டீமின் ரசிகர்கள் நிறைய. "வெளிய போனதுதான் கெத்து" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆட இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது.

கண் தவறையும் விதித் தவறையும் குழப்புவது

2024 ஜூன் 11, தோஹா, உலகக் கோப்பை தகுதிச் சுற்று. இந்தியா 1-0 என்று முன்னணியில் இருந்தபோது, கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே இழுத்துப் போட்டு கத்தார் கோல் அடித்தது. வீடியோ உதவி அந்த மேட்சில் கிடையாது. இந்தியா 2-1 என்று தோற்று வெளியேறியது. புகார் கொடுத்தும் முடிவு மாறவில்லை. ஏனென்றால் பந்து வெளியே போனதா என்பது ஆட்டத்தில் நடந்த விவரம். அதில் ரெஃப்ரி சொன்னதே முடிவு என்கிறது 5-ஆம் விதி.

2005-இல் தாஷ்கண்டில், இரண்டு மேட்ச் கொண்ட உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் நடந்தது வேறு வகை. உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனுக்கு எதிராகப் பெனால்டி அடித்தது, கோலும் ஆனது. அடிப்பதற்குள் ஒரு உஸ்பெக் ஆட்டக்காரர் பாக்ஸுக்குள் ஓடிவிட்டார். மறுபடி அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ரெஃப்ரியோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். அது விதியையே தவறாகப் பயன்படுத்தியது என்பதால் ஃபிஃபா மேட்ச்சை ரத்து செய்து மறுபடி நடத்தியது. முதல் மேட்ச்சில் 1-0 என்று ஜெயித்திருந்த உஸ்பெகிஸ்தான், மறு ஆட்டத்தில் 1-1. பஹ்ரைனில் 0-0. வெளி மைதானத்தில் அடித்த கோலின் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. இத்தனைக்கும் புகார் கொடுத்ததே உஸ்பெகிஸ்தான்தான்.

நம்ம ஊர் டோர்னமென்டிலும் புகார் எழுதும்போது இதைப் பாருங்கள். "கையில் பட்டதை ரெஃப்ரி பார்க்கவில்லை" என்று எழுதினால் கமிட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. "மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டிய பெனால்டிக்கு எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார், 14-ஆம் விதி" என்று எழுதினால் உட்கார்ந்து பேசுவார்கள். கேப்டன் கையெழுத்தோடு, மேட்ச் முடிந்தவுடனே கொடுத்துவிடுங்கள்.