டாவி சிகிச்சைக்கு முன் சிடி ஸ்கேன்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

"எக்கோ எடுத்தாச்சு, ஆஞ்சியோவும் எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு சார் சிடி?" ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து அப்பாவையோ அம்மாவையோ பெங்களூருக்குக் கூட்டி வருகிறவர்கள் கேட்பது இது. பெங்களூரிலேயே இருக்கிற அல்சூர்க்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

சுருங்கிப்போன பெருந்தமனி வால்வுக்கு, நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகச் செயற்கை வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்துவது டாவி. 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலில் செய்தார். திறந்த அறுவையில் சர்ஜன் வால்வு உட்காரும் வளையத்தைக் கண்ணால் பார்த்து அளப்பார். டாவியில் அதற்கு வழியில்லை. ரவிக்கைக்கு அளவெடுப்பது மாதிரி முன்கூட்டியே சிடியில் எடுத்தாக வேண்டும்.

அதனால் 'எக்கோ போதும்' என்பது முதல் தவறு. அந்த வளையம் வட்டமில்லை, முட்டை வடிவம். சாதாரண எக்கோ ஒரு குறுக்களவைத்தான் காட்டும். சிடியில் சுற்றளவும் பரப்பளவும் கிடைக்கும். வால்வு சிறிதாகிவிட்டால் ஓரத்தில் ரத்தம் கசியும், பெரிதாகிவிட்டால் வளையமே கிழியலாம். வளையத்துக்கு எவ்வளவு மேலே இதயத் தமனிகளின் வாய் இருக்கிறது என்பதும் முக்கியம். 10 மி.மீ.க்குக் கீழே என்றால், புது வால்வு பழைய வால்வின் இதழை ஒதுக்கும்போது அந்த வாய் அடைபடுமோ என்று டாக்டர் யோசிப்பார்.

போன வருஷம் சளிக்கு எடுத்த மார்பு சிடியைக் கொண்டுவந்து நீட்டுவதும் உண்டு. உதவாது. இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் படத்தை ஈசிஜியோடு இணைத்து எடுக்க வேண்டும். வளையத்தைப் பொதுவாக இதயம் சுருங்கும் கட்டத்தில்தான் அளப்பார்கள். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டு துண்டான படங்கள், ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் சாய மருந்து, அப்புறம் தொடை வரைக்கும் படம். தொடைக் குழாய் குறுகலாகவோ சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் பாதையையே மாற்ற வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், ஆபத்தானது மாத்திரை விஷயம்தான். பக்கத்து வீட்டுக்காரர் இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சிடி எடுத்தபோது துடிப்பைக் குறைக்க மெட்டோபிரோலால் கொடுத்திருப்பார்கள், நாக்கின் கீழ் நைட்ரேட் ஸ்பிரே அடித்திருப்பார்கள். வால்வு மோசமாகச் சுருங்கியவருக்கு அதே மருந்துகளால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். டாக்டர் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

சிறுநீரகக் கதையும் அப்படியே; சாய மருந்து அதன் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் வந்து, அன்றைய அப்பாயின்ட்மென்ட்டைக் கோட்டைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் எல்லாருமே அதை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் வேலை செய்யும் அளவைப் பார்த்து டாக்டர் சொல்வார். 'சாயம் வெளியே போகட்டும்' என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வைப்பதும் வேண்டாம். பலவீனமான இதயத்துக்கு அதிகத் தண்ணீரே சுமை, மூச்சுத் திணறல் வந்துவிடும்.

மெஷின் 'மூச்சைப் பிடியுங்கள்' என்று ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ சொன்னால் எண்பது வயது பாட்டி திருதிருவென்று விழிப்பார். டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். பெங்களூரில் தமிழ் தெரிந்த ஒருவர் அனேகமாக இருப்பார். ஸ்கேனுக்கு முன்பே ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, ஊரிலேயே ஸ்கேன் எடுத்துவிட்டு ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் கொண்டுவருவது. ஃபிலிமில் எதையும் அளக்க முடியாது. கணினியில் படத்தைச் சுற்றித் திருப்பிப் பார்த்துத்தான் வால்வின் அளவையும், சிகிச்சையன்று எக்ஸ்ரே மெஷினை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதையும் முடிவு செய்வார்கள். மெல்லிய துண்டுகள் முழுதும் டைகாம் (DICOM) என்ற கணினிப் பட வடிவில் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வேண்டும் என்று கேளுங்கள். மெஷினில் மூலத் தரவு ரொம்ப நாள் தங்காது, இடம் நிரம்பினால் அழிந்துவிடும். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.